திறன்வழித் தொடக்கக் கல்வி: கருவிகளும் ஆசிரியர் மனப்பான்மையும்

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கற்பித்தல் முறை ஒன்று வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஒருசேர எழுகின்றன. ஆசிரியர்களின் மனப்பான்மை மாற வேண்டும் என்பது பயிற்சி அரங்கின் மேடையிலிருந்து வரும் குரல். வகுப்பறைக்குத் தேவையானதை முதலில் தாருங்கள் என்பது அரங்கின் பின்வரிசையிலிருந்து வரும் குரல். இவற்றை இரு தனிச் சிக்கல்களாகப் பிரித்து, முன்னதற்குப் பயிற்சியும் பின்னதற்குக் கொள்முதலும் தீர்வு என்று கருதுவது நிர்வாகத்தின் வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான தமிழ்நாட்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது இவ்விரண்டுக்கும் இடையே நெருங்கிய உறவு தெரிகிறது. ஒரு முறையைப் பற்றிய ஆசிரியரின் எண்ணம், அம்முறையோடு சேர்ந்து வரும் கருவிகளை நாள்தோறும் கையாளும்போதுதான் உருவாகிறது. அக்கருவி அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தியதா, தின்றுவிட்டதா, குழந்தையைப் பற்றிய அவருடைய கணிப்புக்கு மதிப்புத் தந்ததா, அதை ஒதுக்கிவைத்ததா என்பதைப் பொறுத்தே ஆதரவும் எதிர்ப்பும் அமைந்திருக்கின்றன.

குழந்தை வாங்கும் மதிப்பெண்ணைவிட அதனால் எதைச் செய்ய முடிகிறது என்பதைப் பார்க்கும் திறன் அடிப்படையிலான கல்வி, ஆசிரியரிடம் எதைக் கேட்கிறது என்பதை ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டு விளக்கலாம். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதுகிறது. மதிப்பெண் முறையில் அது ஒரு தவறான விடை. சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். திறனைப் பார்க்கும் ஆசிரியரோ அந்த 45 எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும். குழந்தை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றும், ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து நான்கு என்றும் எழுதியிருக்கிறது. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்பதை அது நன்றாகவே பிடித்துவைத்திருக்கிறது; ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஐந்து பத்துக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அதன் முன் வைத்து, பதினேழை எடுத்துக் கொடு என்று கேட்டால், கட்டை அவிழ்க்க வேண்டிய தேவை அதற்குத் தானாகப் புரியும். கரும்பலகையில் எத்தனை முறை கணக்கைப் போட்டுக் காட்டினாலும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு கட்டை அவிழ்ப்பதில் கிடைக்கிறது.

இந்தச் சிறு நிகழ்வுக்குக் குச்சிகள் வேண்டும். குச்சிகள் மட்டும் போதா. முப்பது குழந்தைகளில் இந்தத் தடுமாற்றம் யார் யாருக்கு இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாறு பேரோடு அவர் தரையில் அமர்ந்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் தாமாகவே செய்துகொண்டிருக்கக்கூடிய, அவரவர் நிலைக்கு ஏற்ற வேலை அவர்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே குழந்தைகளை மீண்டும் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். குழந்தைகளின் பிழைகள் எந்தெந்த வகையில் வரும் என்ற பாட அறிவும் வேண்டும். பொருள், படிநிலைப்படுத்திய பயிற்சி, நேரம், அறிவு ஆகிய நான்கையும் சேர்த்தே கற்பித்தல் வளம் என்று சொல்ல வேண்டும். கொள்முதல் பட்டியலில் முதலாவது எப்போதும் இடம்பெறும், இரண்டாவது சில வேளைகளில் இடம்பெறும், மற்ற இரண்டும் அங்கே எழுதக்கூடியவை அல்ல.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அடிப்படைத் துணைக்கருவிகள் ஆகியவற்றை உறுதிசெய்ய முனைந்தது. அறிவியல் பெட்டியும் கணிதப் பெட்டியும் பள்ளிகளுக்கு அப்போதுதான் வந்தன. வந்தவற்றில் பல பீரோவை விட்டு வெளியே வரவில்லை. ஆசிரியரின் அக்கறையின்மையே இதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டதுண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. உடைந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். குழந்தைகள் கையாண்டால் உடையக்கூடிய பொருளைக் கொடுத்துவிட்டு, உடையாமல் காக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தால், பூட்டி வைப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்வார்? பொருளைப் பயன்படுத்துபவருக்குத் தண்டனையும் பூட்டி வைப்பவருக்குப் பாதுகாப்பும் தரும் ஏற்பாட்டுக்குள் அவர் எடுத்த முடிவு அது. அதை மனப்பான்மைக் குறை என்று பெயரிடுவது நியாயமாகாது.

1991இல் ஆர். எச். தவே தலைமையிலான குழு வகுத்த குறைந்தபட்சக் கற்றல் நிலைகள், மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றில் வகுப்புவாரியாக அடைய வேண்டிய திறன்களை எண்ணிட்டுப் பட்டியலாக்கின. இந்தியத் தொடக்கக் கல்வியில் திறன் என்ற கருத்து அதிகாரபூர்வமாக வேரூன்றியது அப்போதுதான். எதை அடைய வேண்டும் என்பதை அப்பட்டியல் துல்லியமாகச் சொன்னது. அடையாத குழந்தையை என்ன செய்வது என்பதற்கான கருவி அதனுடன் வரவில்லை. பட்டியல் பாடக்குறிப்பேட்டின் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போனதில் வியப்பில்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, கருவியிலிருந்தே புறப்பட்டது என்பதால், இந்த வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முன்முயற்சியில், ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகக் கல்வி மையம் தன் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த ஏணி முறையைத் தழுவி அது வடிவமைக்கப்பட்டது. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக இருந்த காலத்தில், 2007-08இல், மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பாடப்பொருள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்று அட்டைகள் தயாரிக்கப்பட்டன. முதல் நான்கு வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் கலந்து அமர்ந்தார்கள். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் குழு முதல் தானாகவே செய்துகொள்ளும் குழு வரை, அன்றைய அட்டையைப் பொறுத்துக் குழந்தையின் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை, குழந்தைகளின் படைப்புகள் தொங்கும் கம்பிப் பந்தல், குழந்தையே குறிக்கும் வருகைப் பதிவு, காலநிலை அட்டவணை ஆகியவை வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து அமர்ந்தார்.

இம்முறையை ஆதரித்த ஆசிரியர்கள் சொன்ன காரணங்களும் வெறுத்த ஆசிரியர்கள் சொன்ன காரணங்களும் ஒரே அட்டையின் இரண்டு பண்புகளிலிருந்து பிறந்தவை என்பதுதான் கவனிக்கத்தக்கது. அட்டை குழந்தையை நினைவில் வைத்திருந்தது. பெற்றோருடன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பும் குழந்தை, வகுப்பு எங்கோ போய்விட்டது என்று திகைத்து உட்கார வேண்டியதில்லை. விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடரலாம். கூலி வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தவித்த ஆசிரியர்களுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. அதே அட்டை, வரிசையை விட்டு விலகவும் விடவில்லை. ஒரு குழந்தைக்கு மூன்று படிகள் தேவையில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தாலும் ஏணியில் தாவ முடியாது. ஒரு படியில் ஐந்து பயிற்சி கூடுதலாக வேண்டும் என்று தோன்றினாலும் அதற்கு அட்டை இல்லை. தன் பயிற்சியாலும் அனுபவத்தாலும் கிடைத்த கணிப்பு தேவையற்றதாகிவிட்டது, அட்டையை எடுத்துக் கொடுக்கும் ஆளாகத் தான் ஆகிவிட்டோம் என்ற மனக்குறை பல மூத்த ஆசிரியர்களிடம் இருந்தது. அது மாற்றத்தை எதிர்க்கும் குணமாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டது. தொழில் மதிப்பு பற்றிய நியாயமான கேள்வியாக அதை எடுத்துக்கொண்டிருந்தால் அம்முறையே மேம்பட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இவற்றோடு நாள்பட்ட நடைமுறைத் துன்பங்களும் சேர்ந்தன. அட்டைகள் கிழிந்தன, மங்கின, தொலைந்தன. பாடநூலில் ஒரு பக்கம் கிழிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஏணியில் ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் அங்கே நிற்கும். தொகுதி தொகுதியாக வந்த அட்டைகளில் ஒன்றிரண்டை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும் எளிய வழி பள்ளியிடம் இல்லை. தன் கையால் எழுதி ஒட்டிய அட்டைகளைக் கொண்டு ஏணியைக் காப்பாற்றிய ஆசிரியர்களும் உண்டு, அட்டைப் பெட்டியை அப்படியே மூலையில் வைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பியவர்களும் உண்டு. வெளியிலிருந்து வந்த அழுத்தம் வேறு வகையானது. புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பரீட்சை இல்லை, பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறது என்று பெற்றோர் கேட்டபோது பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியரே. பக்கத்து ஊரின் ஆங்கிலவழித் தனியார் பள்ளி வேன் தெருவுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் குறையும் என்ற கவலைக்கு நடுவே ஒரு முறையின் தத்துவத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் துணைக்கருவிகள் செய்துகொள்ள ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கப்பட்டதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. தொகை சிறிது, சில கெட்டி அட்டைகளுக்கும் வண்ணத் தாள்களுக்கும் பசைக்கும் சரியாகப் போய்விடும். ஆயினும் எதை வாங்குவது, எதைச் செய்வது என்று ஆசிரியரே முடிவுசெய்த மிகச் சில நிதிகளுள் அது ஒன்று. தானே வெட்டி ஒட்டிய எழுத்தட்டையை ஆசிரியர் கூச்சமின்றிக் குழந்தை கையில் கொடுத்தார். கிழிந்தால் வருந்தவில்லை, அடுத்ததைச் செய்தார். ஆய்வுக்கு வரும் அலுவலர் பார்ப்பதற்காகவே சுவரில் மாட்டிய விளக்கப்படங்களும் இதே நிதியில் உருவாயின என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் தன் வகுப்பின் தேவையைத் தானே எடைபோட்டுச் செய்த பொருளுக்கும் மேலிருந்து வந்து இறங்கிய பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிறு தொகை தெளிவாகவே காட்டியது.

2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. பருவத்தின் ஊடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. நோக்கம் நல்லது, ஆண்டிறுதித் தேர்வின் சுமை குறைந்து, செயல்பாடுகளின் வழியே குழந்தையைக் கவனிக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் கவனித்ததைவிடக் கவனித்ததற்கான பதிவு முக்கியமாகிவிட்டது. செயல்பாட்டை நடத்தாமலே பதிவேட்டை நிரப்ப முடியும். பதிவேட்டை நிரப்பாமல் செயல்பாட்டை மட்டும் நடத்தினால் விளக்கம் கேட்கப்படும். இத்தகைய நிலையில் களைப்படைந்த ஓர் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. முதல் வகுப்பையே நேரில் காணாத குழந்தை இரண்டாம் வகுப்பு வாசலில் வந்து நின்றது. வகுப்பு என்ற அளவுகோல் குழந்தையின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது என்ற உண்மை, அதுவரை ஏற்காதவர்களுக்கும் அப்போது கண்கூடானது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தச் சூழலில் பிறந்தது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்ற இலக்குடன் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, 2023-24இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. படிக்கும் வகுப்பை வைத்துப் பிரிக்காமல், நிற்கும் நிலையை வைத்துக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்கப்பட்டார்கள். ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சிநூல், ஆசிரியருக்குப் பருவந்தோறும் விரிவான கையேடு, பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கான துணைக்கருவிகள் ஆகியவை வந்தன. செயல்வழிக் கற்றலில் தொலைந்த அட்டை ஏற்படுத்திய தடை இங்கே இல்லை, ஏனெனில் பயிற்சிநூல் குழந்தைக்கே சொந்தம். குழந்தை எழுதியதைப் பெற்றோரும் பார்க்க முடியும். முந்தைய முறையின் இரு பெருங்குறைகளை இந்த ஒரு மாற்றம் தீர்த்தது என்பதைப் பாராட்டவே வேண்டும்.

எதிர்ப்பு வேறு இடத்தில் எழுந்தது. குழந்தைகளின் நிலையை மதிப்பிட்டு அதைச் செல்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழந்தையாக அழைத்து உட்காரவைத்து, வினாவைக் காட்டி, விடையைப் பதிந்து, இணையம் கிடைக்காத ஊர்களில் சிக்னல் தேடி அலைந்து முடிப்பதற்குள் மற்ற குழந்தைகளின் கற்றல் நேரம் போய்விடுகிறது என்பது ஆசிரியர்களின் முறையீடு. ஏற்கெனவே கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான எமிஸில் ஏற்ற வேண்டியவை பல இருந்தன. இப்பணிகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது 2023இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக்கின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டில், குழந்தைகளின் அடைவை வெளியாரைக் கொண்டு சரிபார்ப்பதற்காகக் கல்வியியல் கல்லூரி மாணவர்கள் வகுப்பறைகளுக்கு அனுப்பப்பட்டபோது சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர் தன் குழந்தை மலர் நிலையில் இருக்கிறது என்று சொல்வதை, இன்னும் ஆசிரியர் பயிற்சியை முடிக்காத ஒருவர் வந்து சோதிப்பது எப்படிப்பட்ட உணர்வை உண்டாக்கும் என்பது அந்த முடிவை எடுத்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்ற பகுப்பு தவறு என்று இவ்வெதிர்ப்புகளில் பெரும்பாலானோர் சொல்லவில்லை. குழந்தைக்கு அடுத்து என்ன கற்பிப்பது என்று ஆசிரியர் அறிவதற்கான மதிப்பீடு, ஆசிரியரைக் கண்காணிப்பதற்கான மதிப்பீடாக மாறியதையே அவர்கள் எதிர்த்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆசிரியர் எண்ணிக்கை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்று தொடக்கப் பள்ளிகளுக்கு வரையறுக்கிறது. முப்பது குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கு தாளில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்த அறுபது குழந்தைகளும் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெருவாரியாக உள்ள ஈராசிரியர் பள்ளிகளில், ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார்; அவ்விருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்கோ வேறு அலுவலாகவோ போகும் நாளில் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார். ஒருவர் விடுப்பு எடுத்தாலும் இதே நிலைதான். பல நிலைகளில் நிற்கும் குழந்தைகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு கல்விமுறையை, பாடவேளை தோறும் வகுப்புக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அவர் அதில் நம்பிக்கை வைக்கவில்லை என்று குறைகூற முடியாது. நிலைவாரிப் பயிற்சிநூல்களும் தானே செய்யும் வேலைகளும் மிகவும் பயன்படுவது இத்தகைய பள்ளிகளில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவை மிகுதியாக உள்ள இடத்திலேயே பதிவேற்றத்தின் சுமையும் மிகுதியாக விழுந்தது.

மனப்பான்மையை அளக்கும் வழக்கமான முறைகள் இந்தச் சிக்கலைக் காட்டுவதில்லை. திறன் அடிப்படையிலான கல்வி குழந்தைகளுக்கு நல்லதா என்று வினாப்படிவத்தில் கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் ஆம் என்றே குறிப்பார்கள். அது உண்மையான கருத்தும்தான். உங்கள் வகுப்பில் அதைச் செய்ய இயலுமா என்பது வேறு கேள்வி. நீங்கள் கணித்துச் சொல்வதைத் துறை நம்புகிறதா என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்குச் சில நாட்களில், மூன்றாவதற்கு இல்லை என்று ஒரே ஆசிரியர் சொல்ல முடியும். இம்மூன்றையும் கூட்டி ஒரு சராசரி எண்ணாக்கி, ஆசிரியர்களின் மனப்பான்மை மிதமானது என்று முடிவு எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை.

பயிற்சி மனப்பான்மையை மாற்றும், மாறிய மனப்பான்மை வகுப்பறையை மாற்றும் என்ற வரிசையை அமெரிக்கக் கல்வியியலாளர் தாமஸ் கஸ்கி 1986இலேயே கேள்விக்குள்ளாக்கினார். ஆசிரியர் புதிய முறையை முதலில் செய்து பார்க்கிறார், தன் மாணவர்களிடம் முன்னேற்றத்தைக் காண்கிறார், அதன் பிறகே அவருடைய நம்பிக்கை மாறுகிறது என்பது அவர் முன்வைத்த வரிசை. தமிழ்நாட்டு அனுபவம் இதற்கு ஒத்தே இருக்கிறது. மாநில அளவில் பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வழியே மாவட்டத்துக்கும், வட்டார வள மையத்துக்கும், கடைசியாக, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையத்துக்கும் இறங்கி வரும் பயிற்சியில், மேலே மூன்று நாள் பேசப்பட்டது கீழே ஒரு நாளில் சுருங்கிவிடுகிறது. கேள்விக்கான நேரம்தான் முதலில் வெட்டப்படுகிறது. அப்பயிற்சியைக் கேட்டு மனம் மாறியவர்களைவிட, தன் வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை ஒரு பருவத்தில் வாசிக்கத் தொடங்கியதைக் கண்டு மனம் மாறியவர்கள் அதிகம். அந்த முதல் வெற்றி விரைவில் கிடைப்பதற்கு நல்ல கருவி உதவுகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியவையும் சற்று மாறும். குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பகுதி நேரமாவது, ஆசிரியர்கள் தங்கள் குழந்தைகளின் நோட்டுகளைக் கொண்டுவந்து, இந்தப் பிழை எப்படி வருகிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும். 45 என்ற விடையின் பின்னணியை ஒரு மணி நேரம் பேசுவது எந்தக் கையேட்டையும் விடப் பயன் தரும். கையேட்டில் உள்ள பாட வரிசையைக் காரணம் எழுதி மாற்றிக்கொள்ளும் உரிமை வகுப்பாசிரியருக்கு வெளிப்படையாக வழங்கப்பட வேண்டும். மேல்நிலைக் கண்காணிப்புக்கு எல்லாக் குழந்தைகளின் தரவும் தேவையில்லை. சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து, அதற்கெனத் தனிக் குழுவைக் கொண்டு மதிப்பிட்டாலே மாநிலத்தின் நிலை தெரிந்துவிடும், வகுப்பறை மதிப்பீடு ஆசிரியரிடமே இருக்கலாம். ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் என்பது செலவு மிக்க முடிவுதான். அதை எடுக்க இயலாத வரை, பள்ளியில் ஒருவர் மட்டும் இருக்கும் நாட்களுக்கு உரிய திட்டமிட்ட வேலைத் தொகுப்பையாவது ஒவ்வொரு பருவத்துக்கும் தயாரித்துத் தரலாம். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பயிலும் வருங்கால ஆசிரியர்களும், ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டுவதோடு நில்லாமல், மூன்று வகுப்புகள் ஒன்றாக அமர்ந்திருக்கும் அறையில் முழு நாளைக் கழித்துப் பழக வேண்டும். அவர்களில் பலருக்கு முதல் பணி கிடைக்கப்போவது அப்படிப்பட்ட அறையில்தான்.